பிழை விழுந்தா தாளை உருவணுமா? பாளை சாருக்குப் பதில்

அம்பை முத்து:
டைப்ரைட்டிங் சொல்லிக் குடுக்குத பாளை சார் நேத்து எழுதியிருந்தாரு: "டைப்ரைட்டிங் ஆனாலும் வாழ்க்கை ஆனாலும், ஒரு பிழை விழுந்தா தாளை உருவிப் போட்டுட்டு முதல்லருந்து அடி. அரைகுறையா ஆயிரம் செய்யுதவன் உருப்பட மாட்டான்." வாசிச்சதுலருந்து மனசு ஆறல. இப்படிச் சொல்லியே எத்தனை பிள்ளைகளை வீட்டோட உக்கார வச்சிட்டீங்க சார்?

என்கூட டைப்ரைட்டிங் ஜூனியர் கிரேடு படிச்ச பிள்ளை ஒருத்தி. மூணாவது வரியில ஒரு எழுத்து தப்பினாலும் கர்ர்ருன்னு தாளை உருவிருவா. பக்கத்து மிஷின்ல நான் தப்போட தப்பா கடைசி வரி வரைக்கும் போவேன். அவ முதல் மூணு வரியைக் கண்ணுல ஒத்திக்கிடலாம், அவ்வளவு சுத்தம். நாலாவது வரியில விரல் திணறும். அந்த வரிப் பக்கம் அவ விரல் போனாத்தானே பழகும்! பரீட்சையில நிமிஷத்துக்கு 30 வார்த்தை, பத்து நிமிஷம். அங்க தாளை உருவ முடியுமா? அவ இன்னும் பரீட்சைக்கே பணம் கட்டல.

நம்ம வ.உ.சி. 1906ல சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிஞ்சப்போ சொந்தக் கப்பலா வச்சிருந்தாரு? வாடகைக் கப்பல்லதான் தொடங்கினாரு.

பாளை சார்:
தம்பி, பிழைக்கு மார்க்கு குறைப்பாங்கங்கிறது உமக்குத் தெரியுமா, தெரியாதா? தப்பா அடிச்சு அடிச்சுப் பழகின விரல் பரீட்சை ஹால்ல மட்டும் திருந்திருமோ?

வாடகைக் கப்பல்னு பாதிக் கதையைச் சொல்லிட்டு மீதியை ஏன் முழுங்கினீரு? வெள்ளைக்காரக் கம்பெனி நெருக்கினதும் வாடகைக்குக் குடுத்தவன் கப்பலைத் திருப்பிக்கிட்டான். அரைகுறை ஏற்பாடு அப்படித்தான் முடியும்.

அம்பை முத்து:
நானா முழுங்கினேன்? திருப்பிக்கிட்ட பொறவு கம்பெனியைப் பூட்டிட்டா போனாரு? கொழும்புலருந்து இன்னொண்ணை வாடகைக்குக் கொண்டாந்தாரு. அதுவும் வாடகைக் கப்பல்தான் சார். "காலியா", "லாவோ"ன்னு சொந்தக் கப்பல் ரெண்டும் வந்தது 1907ல. அது வரைக்கும் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தா கப்பல் வாங்க பங்குப் பணம் எவன் குடுத்திருப்பான்?

முத்துநகர்வாசி:
வ.உ.சி. பொறந்தது ஓட்டப்பிடாரம். கப்பல் விட்டது தூத்துக்குடி. "நம்ம வ.உ.சி."ன்னு அம்பையில இருந்துக்கிட்டு எப்படிச் சொல்லுதீங்க?

அம்பை முத்து:
அண்ணாச்சி, தூத்துக்குடி தனி மாவட்டம் ஆனதே 1986ல. அவரு காலத்துல எல்லாம் திருநெல்வேலி ஜில்லாதான். அவரைக் கைது பண்ணினதும் 1908 மார்ச் 13ல கொந்தளிச்சது திருநெல்வேலி இல்லையா? அதையும் தூத்துக்குடிக் கணக்குல எழுதிருவீகளோ?

முத்துநகர்வாசி:
எங்க ஊரு மில் தொழிலாளிங்க அவருக்காக வேலைநிறுத்தம் பண்ணினவங்க. ஜில்லாக் கணக்கு வேற, சொந்த ஊர் வேற. ஓட்டப்பிடாரத்துக்குப் பதில் சொல்லுங்க.

கொக்கிரகுளம் செல்வி:
பாளை சாருக்கு ஒரே ஒரு கேள்வி. உருவ உருவ தாளு தீர்ந்துது, தாளுக்குக் காசு குடுத்தது எங்கப்பா. பீடி சுத்தின காசு அது. உங்க கிளாஸை விட்டு நின்னதுக்கு அதுவும் ஒரு காரணம்.

பாளை சார்:
நீ நின்னது தாளுக்காக இல்லம்மா, வெள்ளன ஆறு மணிக்கு எந்திரிக்க முடியாம. பழசைக் கிளற வேண்டாம்.

வாடகைக் கப்பலுக்கே வாரேன். பங்கு சேக்க வடக்கே போனப்போ அவர் போட்ட சபதம் என்ன? திரும்புனா கப்பலோட திரும்புவேன், இல்லேன்னா கடல்ல விழுந்து சாவேன்னாரு. கிடைச்சதை வச்சு ஓட்டிக்கிடுவோம்னு நெனைக்கிறவன் போடுத சபதமா அது?

பத்தமடை மருமகள்:
எங்க மாமியா பாய் முடையுதாக. கோரை ஒண்ணு பிசகிட்டுன்னா அந்த ஒண்ணை மட்டும் உருவி எடுத்துட்டு வேற கோரை கோத்து, அச்சை வச்சு நெருக்கித் தட்டுவாக. பாவு நூலையே அறுத்துப் போட்டுட்டு மறுபடி பாவு கட்ட மாட்டாக. காய்ச்சல்னாலும் கொஞ்சமாச்சும் தறியில உக்காந்துட்டுத்தான் எந்திரிப்பாக. முத்து அண்ணாச்சி கேக்குததும் அதைத்தானே?

பாளை சார்:
ஓரம் கோணின பட்டுப்பாயைக் கல்யாண வீட்டுல வாங்குவாங்களாம்மா?

அம்பை முத்து:
மதினி சொன்னதுக்குப் பதில் இது இல்லையே! பிசகினதைத் திருத்தாதன்னு யாரும் சொல்லல. திருத்துதேன்னு முழுசையும் தூக்கிப் போடாதங்குதோம். கடைசி வரி வரைக்கும் அடி, பிழையை வட்டம் போடு, நாளைக்கும் வந்து உக்காரு. குரூப் 4-க்கும் இதே கதைதான். 200 கேள்வி, தப்புன பதிலுக்கு மார்க்கு குறைக்கவும் மாட்டான். ஆனா சிலபஸ் முழுசும் முடிச்சாத்தான் மாதிரித் தேர்வைத் தொடுவேன்னு அறையைப் பூட்டிக்கிட்டு இருக்கானுவ. அறிவிப்பு வரும், "அடுத்த தடவை பாத்துக்கிடலாம்"பானுவ. வயசு யாருக்காகக் காத்துக்கிட்டு நிக்கும்? எனக்கு வயிறு எரியுது சார்.

சபதத்துக்கு வாரேன். சபதம் போடும்போது கம்பெனி நடந்துக்கிட்டு இருந்துது. நடத்திக்கிட்டேதான் சபதம் போட்டாரு. தொடங்கினது வாடகைக் கப்பல்ல!

பாளை சார்:
வாடகை, வாடகைன்னு எத்தனை தடவை சொல்லுவீரு? 1911ல கம்பெனியே கலைஞ்சு போச்சு. "காலியா" கப்பல் போய்ச் சேந்தது எதிரிக் கம்பெனி கையில. அஸ்திவாரம் குறைன்னா முடிவும் அப்படித்தான்.

அம்பை முத்து:
அதை அஸ்திவாரக் குறைன்னு சொல்ல உங்களுக்கு எப்படி மனசு வந்துது? போட்டிக் கம்பெனி கட்டணத்தைக் குறைச்சுப் பாத்தான், சும்மா ஏத்திட்டுப் போறேன்னு குடையும் குடுத்துப் பாத்தான். ஒண்ணும் பலிக்கலன்னுதான் 1908ல ஆளைத் தூக்கி உள்ள போட்டாங்க. அவர் வெளிய வந்தது 1912 கடைசியில. இன்னொண்ணும் கேக்குதேன். கலைஞ்சப்போ இருந்தது வாடகைக் கப்பலா, சொந்தக் கப்பலா? உங்க நெறைவான ஏற்பாடு காப்பாத்துச்சா?

கொக்கிரகுளம் செல்வி:
ஆறு மணிக்கு நான் வந்தப்போ கதவு பூட்டிக் கெடந்துது. அதையும் எழுதுங்க சார்.

பாளை சார்:
வாடகைக் கப்பலைப் பத்தி இனி என்கிட்டப் பேசாதீரும். நீரு அடிச்ச சீனியர் கிரேடு தாளைக் கொண்டாரும், பிழையை நான் எண்ணிச் சொல்லுதேன்.

அம்பை முத்து:
கொண்டாரேன். நீங்க உருவச் சொன்ன தாளுல கடைசி வரி வரைக்கும் அடிச்சது ஒண்ணாச்சும் இருந்தா நீங்களும் எடுத்துட்டு வாங்க.

முத்துநகர்வாசி:
ஓட்டப்பிடாரத்துக்கு இன்னும் பதில் வரல.