கருநார், சுனைக்கல்: என் புதினத்தின் இரண்டு கற்பனைப் பொருள்கள் நம்பும்படி இருக்கின்றனவா?

பாலக்கோட்டு எழுத்தன்:

அனைவருக்கும் வணக்கம். தருமபுரி மாவட்டம் பாலக்கோட்டில் வசிக்கிறேன். மூன்று ஆண்டுகளாக ஓர் அறிவியல் புதினம் எழுதி வருகிறேன். கதை 24ஆம் நூற்றாண்டில் நிகழ்கிறது. அந்த உலகின் வாழ்க்கையை இரண்டு பொருள்கள் மாற்றியிருக்கின்றன. ஒன்று கருநார். நிலநடுக்கோட்டுக் கடலில் நிறுத்தப்பட்ட மேடையிலிருந்து விண்வெளி வரை செல்லும் தூக்கியின் வடம் இதனால் ஆனது. அதை நெய்யும் ஆலை கிருஷ்ணகிரியில் இருக்கிறது. மற்றொன்று சுனைக்கல். பென்னாகரத்து வீடுகளின் கூரைகளில் பதிக்கப்பட்டு, காற்றின் ஈரத்தைக் குடிநீராகத் தருவது.

கருநாரை "எஃகைவிட ஆயிரம் மடங்கு வலியது, எதனாலும் அறுக்க முடியாதது" என்றும், சுனைக்கல்லை "வேண்டும் அளவுக்கு நீர் சுரப்பது" என்றும் எழுதியிருந்தேன். கையெழுத்துப்படியைப் படித்த நண்பர், இவ்விரண்டும் வருகிற பக்கங்களில் எல்லாம் கதை தளர்ந்துவிடுகிறது என்றார். அவர் சொன்னது சரியென்று எனக்கும் தெரிகிறது, காரணம்தான் பிடிபடவில்லை. பொருளறிவியலோ, பொருள்களைக் கையாளும் தொழிலோ அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

இழுவிசை:

கிருஷ்ணகிரியில் இயற்பியல் கற்பிக்கிறேன். "ஆயிரம் மடங்கு" என்ற எண்ணில்தான் உங்கள் சிக்கல் தொடங்குகிறது.

ஒரு வடத்தைச் செங்குத்தாகத் தொங்கவிட்டால், தன் எடையாலேயே அறுந்துவிடும் நீளம் ஒன்று உண்டு. அதை அறுபடு நீளம் என்று வைத்துக்கொள்வோம். நல்ல எஃகுக் கம்பிக்கு அது ஏறத்தாழ 25 கி.மீ.; குண்டு துளைக்காத உடைகளில் பயன்படும் கெவ்லார் இழைக்கு 250 கி.மீ. அளவில் வரும். தூக்கியின் வடம் தொங்க வேண்டியது பூமியோடு சேர்ந்து சுழலும் சுற்றுப்பாதையிலிருந்து; அது 35,786 கி.மீ. உயரத்தில் இருக்கிறது. மேலே போகப் போக ஈர்ப்பு குறைவதையும் சுழற்சியின் வெளித்தள்ளலையும் கணக்கில் கொண்டால், அத்தனை உயரமும் தரைமட்ட ஈர்ப்பில் தொங்கும் சுமார் 4,960 கி.மீ. வடத்துக்குச் சமமாகிறது. அறுபடு நீளம் அந்த அளவை எட்டாத பொருளென்றால், வடத்தைக் கீழே மெல்லியதாகவும் அந்தச் சுற்றுப்பாதையின் உயரத்தில் மிகப் பருமனாகவும் அமைக்க வேண்டும். கெவ்லாருக்கு இந்தப் பருமன் வேறுபாடு, குறுக்குப் பரப்பில், ஏறத்தாழ 25 கோடி மடங்கு. அறுபடு நீளம் 2,000 கி.மீ. ஆக இருந்தால் வெறும் 12 மடங்கு.

எடைக்கு எடை எஃகைவிட ஆயிரம் மடங்கு என்று நீங்கள் எழுதிவிட்டால் இந்தத் தவிப்பு முழுவதும் மறைந்துவிடுகிறது. மேலும், 2008இல் அளந்து பார்க்கப்பட்ட குறையற்ற கிராஃபீன் தாளின் (ஒரே அணுவின் தடிமன் கொண்ட கார்பன் தாள்) வலிமை சுமார் 130 கிகாபாஸ்கல் (வலிமையை அளக்கும் அலகு). எடைக்கு எடை பார்த்தாலும் அது எஃகுக் கம்பியைவிட இருநூற்றுச் சொச்சம் மடங்குதான். அணுக்களுக்கு இடையிலான பிணைப்புகள் தரக்கூடிய எல்லையே ஏறக்குறைய அவ்வளவு. எனவே கருநாரின் அறுபடு நீளத்தை 2,000 கி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது வடம் நிற்கும். ஆனால் ஒவ்வொரு கிலோவையும் எண்ணித்தான் மேலே ஏற்ற முடியும். உங்கள் மாந்தர்களுக்கு அந்தக் கட்டாயம் தேவை.

கல்லுளி:

ஐயா, நான் இருபது ஆண்டுகள் கிரானைட் குவாரியில் வேலை செய்தவன். "எதனாலும் அறுக்க முடியாதது" என்று படித்தவுடன் எனக்குத் தோன்றிய கேள்வி ஒன்றுதான்: அப்படியானால் ஆலையில் அதை எப்படி அளவுக்கு வெட்டினார்கள்?

எங்கள் தொழிலில் பாதிக்குமேல் வெட்டுவதைப் பற்றியதே. வைர மணிகள் கோத்த எஃகுக் கம்பியைக் கல்லைச் சுற்றி ஓட்டுவோம். வெட்டும் இடத்தில் தண்ணீர் நிற்காமல் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லையென்றால் சூட்டில் கம்பி போய்விடும். கல்லின் உள்ளே கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால், எவ்வளவு அழகான நிறமாக இருந்தாலும் அந்தப் பிளாக் கழிவுதான். தட்டிப் பார்த்து ஓசையிலேயே அதைக் கண்டுபிடிக்கும் பெரியவர்கள் எங்களிடம் இருந்தார்கள். கருநாருக்கும் அப்படி ஒரு கழிவுமேடு, அப்படி ஒரு காது வேண்டும். கிருஷ்ணகிரியில் ஆலை இருக்கிறது என்று எழுதுகிறீர்கள். அங்கே வேலை செய்கிறவர்களின் நுரையீரலில் என்ன தூசு படிகிறது என்பதையும் எழுதுங்கள். அது இல்லாத ஆலையை எங்கள் ஊர்க்காரர்கள் யாரும் நம்பமாட்டார்கள்.

இழுவிசை:

கல்லுளி ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். பர்கூரை அடுத்த மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று கணிக்கப்பட்டிருப்பதை 2022இல் தமிழக அரசு அறிவித்தது. அதற்கு நெடுங்காலத்துக்குப் பின் தென்னிந்தியாவில் மூசைகளில் (உலோகம் உருக்கும் மண்கலங்களில்) உருக்கி வார்த்த உருக்கு, மேற்காசியாவில் டமாஸ்கஸ் வாள்களாயிற்று. 2006இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் ஆய்வாளர்கள் அப்படிப்பட்ட வாள் ஒன்றில் கார்பன் அணுக்களாலான நுண்குழாய்களைக் கண்டனர். அதை உருவாக்கியவர்களுக்கு அப்படி ஒன்று உள்ளே இருப்பது தெரியாது. கைப்பழக்கமே அவர்களை வழிநடத்தியது. பின்னர் அந்த வாள்களைச் செய்யும் கலை அற்றுப்போனது. தாதுவில் மிகச் சிறிதளவு கலந்திருந்த வனேடியம் போன்ற தனிமங்களே வாளின் அலைக்கோலத்துக்குக் காரணம் என்றும், அந்தத் தாது கிடைக்காமற்போனதும் கலையும் நின்றது என்றும் உலோகவியலாளர் ஜான் வெர்ஹோவன் விளக்கினார். கருநாரும் ஏதோ ஒரு தாதுவை, ஒரே ஒரு மலையை நம்பியிருந்தால் உங்கள் கதைக்கு அரசியலும் கிடைத்துவிடும்.

மல்பெரித் தோட்டம்:

எங்கள் வீட்டில் பட்டுப்புழு வளர்க்கிறோம். கூடுகளைத் தருமபுரி அங்காடிக்குக் கொண்டு செல்வோம். ஒரு புழு தன் கூட்டை ஏறத்தாழ ஒரு கி.மீ. நீளமுள்ள ஒரே இழையால் சுற்றுகிறது. ஆயினும் அந்தத் தனி இழையை யாரும் நெய்வதில்லை. பல கூடுகளைச் சுடுநீரில் இட்டு, நுனிகளைப் பிடித்து, சேர்த்தே நூலாக இழுக்கிறார்கள். ஓர் இழை தீர்ந்தாலோ அறுந்தாலோ, ஓட்டத்தை நிறுத்தாமல் அடுத்த கூட்டின் நுனியை அதில் சேர்க்க வேண்டும். சேர்க்கத் தவறிய இடத்தில் நூல் மெலிந்துவிடும். 35,000 கி.மீ.க்கும் மேற்பட்ட வடத்தில் எத்தனை கோடி இணைப்புகள் இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். இழை எவ்வளவு வலியது என்பதைவிட இணைப்பு எவ்வளவு தாங்கும் என்பதுதான் எனக்குப் பெரிய கேள்வியாகப் படுகிறது.

காவிரி மேட்டான்:

சுனைக்கல்லை எல்லோரும் விட்டுவிட்டீர்கள். எனக்கு அதுதான் முக்கியம். எங்கள் பக்கத்து ஆழ்துளைக் கிணறுகளில் ஃபுளூரைடு மிகுதி. பழுப்பேறிய பற்களோடு வளர்ந்த தலைமுறை நாங்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்த பிறகுதான் நிலைமை மாறத் தொடங்கியது. காற்றின் ஈரத்தில் ஃபுளூரைடு கரைந்திருக்காது என்பதால் உங்கள் கற்பனை எங்கள் ஊருக்கு மிகப் பொருத்தமானது. கொள்கையளவில் அது நடக்கக்கூடியதும்கூட. பாலைவனக் காற்றிலிருந்து நீரைப் பிடிக்கவல்ல உலோக-கரிமக் கட்டமைப்புகளை (நுண்துளைகள் நிறைந்த பொருள்களை) உருவாக்கியதற்காகத்தான் 2025இன் வேதியியல் நோபல் பரிசு கிட்டகாவா, ராப்சன், யாகி மூவருக்கும் கிடைத்தது.

ஆனால் "வேண்டும் அளவுக்கு" என்பது நடவாது. 25 பாகை வெப்பத்தில், 50 விழுக்காடு ஈரப்பதத்தில், ஒரு கன மீட்டர் காற்றில் இருப்பது சுமார் 11 கிராம் நீர். 15 லிட்டர் குடம் நிறைய வேண்டுமானால், ஒரு துளியும் விடாமல் பிடித்தாலும் 1,300 கன மீட்டருக்கு மேற்பட்ட காற்று அந்தக் கல்லின் வழியே செல்ல வேண்டும். இரவில் உறிஞ்சி, பகல் வெயிலில் வெளிவிடும் கல்லாக வையுங்கள். காற்று அசையாத சித்திரை இரவில் பாதிக் குடம்தான் நிறையும். அந்தப் பாதிக் குடம் யாருக்கு என்று வீட்டில் பேச்சு எழும். அந்த அத்தியாயத்தைப் படிக்க நான் காத்திருக்கிறேன்.

பாலக்கோட்டு எழுத்தன்:

உங்கள் அனைவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. இரண்டு பொருள்களுக்கும் வரங்களை மட்டுமே கொடுத்திருந்தேன். கருநாரின் அறுபடு நீளத்தை 2,000 கி.மீ. என்றே வைக்கிறேன். விண்வெளி மேடையில் தொடங்கிய முதல் அத்தியாயத்தை நீக்கிவிட்டு, கிருஷ்ணகிரி ஆலையில் இணைப்புகளைத் தட்டி ஓசை கேட்கும் ஒரு பெண்ணிடமிருந்து கதையைத் தொடங்குகிறேன். அவள் வளர்ந்தது பென்னாகரத்தில், பாதிக் குடத்துக்குக் காத்திருந்த வீட்டில். மல்பெரித் தோட்டம் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஓட்டத்தை நிறுத்தாமல் நுனி சேர்ப்பதை நேரில் பார்க்க முடியுமா?

மல்பெரித் தோட்டம்:

முடியும். நூற்பு வேலை செய்யும் உறவினர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் கேட்டுத் தனிச்செய்தியில் நாளைச் சொல்கிறேன். காலையிலேயே வந்துவிடுங்கள். முதலில் அவருடைய விரல்களைப் பாருங்கள், சுடுநீரில் ஊறி ஊறி அவற்றின் தோல் எப்படி ஆகியிருக்கிறது என்று.