"மயக்கமருந்து ஒவ்வாமை" வேண்டாம்: "அறுவைவேளை ஒவ்வாமைச் சீற்றம்" பற்றி

கலைச்சொல் குழு நண்பர்களுக்கு வணக்கம். அறுவையின்போது ஏதோ ஒரு மருந்துக்குச் சில நிமிடங்களில் எழுந்து உயிருக்கே ஆபத்தாகும் ஒவ்வாமையை ஆங்கிலத்தில் 'பெரியாபரேட்டிவ் அனாஃபிலாக்சிஸ்' என்கிறோம். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும்போது குழுவில் ஒருவர் எழுதியது:

> அறுவை அரங்கில் வருவதை 'மயக்கமருந்து ஒவ்வாமை' என்றே சொல்லிவிடலாமே. மக்களுக்கு உடனே புரியும்.

உடனே புரியும் ஐயா, ஆனால் தவறாகப் புரியும். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

வேலூரில் ஒரு மருத்துவமனையின் மயக்கவியல் பிரிவில் பல ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். குடியாத்தம் பக்கத்திலிருந்து ஓர் அம்மா பித்தப்பைக் கல்லுக்காக வந்திருந்தார். "எனக்கு மயக்க ஊசி ஒத்துக்காதுங்க. கர்ப்பப்பை ஆபரேஷன்ல உயிர் போய் வந்துச்சு" என்றார். மஞ்சள் துணிப்பையில் இருந்த சீட்டுகளையெல்லாம் மேசைமேல் கொட்டிப் பார்த்தோம். பழைய டிஸ்சார்ஜ் சீட்டில் "அலர்ஜி" என்று ஒரே ஒரு சொல். எந்த மருந்துக்கு என்று இல்லை. அறுவையைத் தள்ளிவைத்துத் தோல் சோதனை செய்தோம். மயக்க மருந்துகள் எதற்கும் தோல் அசையவில்லை. தொற்று வராமலிருக்க, கத்தி வைக்கும் முன் போடுகிறார்களே, செஃபசோலின் என்ற அந்த ஆன்டிபயாட்டிக் ஊசிக்குத்தான் கையில் தடித்துக்கொண்டு வந்தது. ஆறு வருடம் மயக்க ஊசிக்குப் பயந்து அந்த வலியைப் பொறுத்திருக்கிறார். இதற்கிடையில் காய்ச்சல், புண் என்று எங்காவது போய், அதே இன மருந்தை யாராவது போட்டிருந்தால்?

இது அபூர்வமான கதையும் அல்ல. பிரிட்டனில் மயக்கவியல் மருத்துவர்களின் கழகமான ராயல் காலேஜ் ஆஃப் அனஸ்தெடிஸ்ட்ஸ் 2018-இல் வெளியிட்ட பெரிய தணிக்கையில் இத்தகைய 266 நேர்வுகளை அலசினார்கள். ஏறத்தாழ 10,000 முறை மயக்கம் கொடுத்தால் ஒன்று. காரணம் தெரிந்தவற்றில் கிட்டத்தட்ட பாதி ஆன்டிபயாட்டிக். தசை தளர்த்தும் மருந்துகள் மூன்றில் ஒரு பங்கு. அப்புறம், தோலைத் துடைக்கும் கிருமிநாசினியான குளோர்ஹெக்சிடின், நிணநீர்க் கணு தேட ஏற்றும் நீலச் சாயம். நோயாளி "மயக்க ஊசி" என்று மனத்தில் வைத்திருக்கும் தூக்க மருந்து இந்தப் பட்டியலில் மிகப் பின்னால்தான் வரும். ஆகவே பெயரில் காரணத்தை வைக்கக் கூடாது, வேளையை வைப்போம்.

இனி, அனாஃபிலாக்சிஸுக்கு என்ன சொல்? குழுவில் "காப்பெதிர்ப்பு" என்று ஒருவர் எழுதியிருந்தார். கிரேக்க மூலத்துக்கு நேர்தான். பிரெஞ்சு அறிவியலாளர்கள் ரிஷேவும் போர்ட்டியரும் 1902-இல் கடல் அனிமோன் என்ற கடலுயிரியின் நஞ்சை நாய்களுக்குக் கொஞ்சமாக ஏற்றிக் காப்பு உண்டாக்கப் பார்த்தார்கள். வாரங்கள் கழித்து ஏற்றிய சிறு அளவே நாயைக் கொன்றது. காப்பை எதிர்பார்த்து அதற்கு நேர்மாறானதைக் கண்ட வியப்பு அந்தப் பெயரில் இருக்கிறது. நமக்கு அந்த வியப்பு வேண்டியதில்லை. "ஒவ்வாமை அதிர்ச்சி" எனக்கு முன்பு பிடித்திருந்தது. ஆனால் வெளியே நிற்கும் வீட்டார் காதில் அது "பயந்துபோய்விட்டார்" என்றுதான் விழுகிறது. எல்லா நேர்வும் அதிர்ச்சி நிலைவரை போவதும் இல்லை. "தீவிர ஒவ்வாமை" என்றால் உடம்பெல்லாம் காணாக்கடி வந்து பத்து நாள் சொறிந்தவரும் அதற்குள் வந்துவிடுகிறார்.

நான் முன்வைப்பது "ஒவ்வாமைச் சீற்றம்". கடல் சீற்றம் என்று தினமும் வானிலை அறிக்கையில் கேட்கிறோம். பாம்பு சீறுவதைப் பார்த்திருக்கிறோம். சில நிமிடங்களில் எழுவது, ஓரிடத்தில் நில்லாதது. வினையாகவும் வரும்: "செஃபசோலினுக்கு ஒவ்வாமை சீறியது." "ஒவ்வாச்சீற்றம்" சுருக்கமானது, ஆனால் தெரிந்த சொல்லின் முகம் அதில் மறைந்துவிடுகிறது.

அரங்கில் இது எப்படித் தெரியும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மயக்கத்தில் இருப்பவர் அரிக்கிறது என்று சொல்ல மாட்டார். பச்சைத் துணி கழுத்துவரை மூடியிருக்கும். பெரும்பாலும் திரையில் ரத்த அழுத்தம் சரிவதுதான் முதல் அறிகுறி. சில சமயம், நாங்கள் கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் பை அழுத்த முடியாமல் இறுகும். துணியைத் தூக்கினால் மார்பு சிவந்திருக்கும், சிலருக்கு அதுவும் இருக்காது. உயிர்காக்கும் மருந்தான அட்ரினலின் போய்க்கொண்டிருக்கும்போதே, இந்தச் சீற்றத்தில் ரத்தத்தில் கூடும் டிரிப்டேஸ் என்ற நொதியின் சோதனைக்கு ரத்தம் எடுத்து வைக்க வேண்டும், மறுநாளும் ஒருமுறை. அதைவிட்டால் பின்னால் உறுதிசெய்வது கடினம்.

"சீற்றம் என்றால் நோயாளி பயப்படுவாரே" என்று குழுவில் ஓர் அம்மா கேட்டிருந்தார். எந்த மருந்து என்று பக்கத்திலேயே எழுதியிருந்தால் அந்த ஒன்றுக்கு மட்டும் பயப்படுவார், மற்றவற்றுக்குச் சரி என்று கையை நீட்டுவார்.

'பெரியாபரேட்டிவ்' என்பதற்கு "அறுவைசூழ்" என்பதைவிட "அறுவைவேளை" வாய்க்கு எளிது. ஆனால் மயக்கம் தெளிந்து மீட்பறையில் இருக்கும் நேரமும் அதில் அடங்குமா என்று எனக்கே ஐயம் இருக்கிறது. யாராவது இதைவிட நல்லதாகச் சொன்னால் மாற்றிக்கொள்கிறேன். எங்கள் பிரிவில் நோயாளி பர்ஸில் வைக்க ஓர் அட்டை தயாராகிறது. ஆந்திரா, வங்காளம் என்று எங்கிருந்தோ வருபவர்களுக்காக மருந்தின் பெயர் தெலுங்கு, வங்க எழுத்திலும் இருக்கும். தமிழில் இப்போதைக்கு எழுதியிருப்பது:

"எனக்கு அறுவைவேளையில் ஒவ்வாமைச் சீற்றம் வந்தது. காரணம்: செஃபசோலின். மயக்க ஊசி அல்ல."