செத்தவரின் காகிதக்கட்டை அவிழ்க்கலாமா?

தேக்கா வாசகன்:
பிராஸ் பாசா பழைய புத்தகக் கடை ஒன்றில் நேற்று ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ எழுதிய டோல்கீனின் ‘மிடில் எர்த் வரலாறு’ வரிசை கண்ணில் பட்டது. மனிதர் 1973-ல் போய்விட்டார். 1977-ல் ‘சில்மரில்லியன்’, 1983 முதல் 1996 வரை இந்தப் பன்னிரண்டு தொகுதிகள், பிறகு 2007, 2017, 2018 என்று இன்னும் மூன்று. எழுதியதையே திரும்பத் திரும்ப மாற்றி எழுதியவர் அவர். அவர் அச்சுக்கு அனுப்பாததை மகன் கிறிஸ்டோபர் அனுப்பியது எனக்கு ஒப்பவில்லை. மாவு ஆட்டிக்கொண்டிருக்கும்போதே ஆட்களை உட்காரவைத்து இலை போட்ட மாதிரி.

ஈசூன்காரி:
அண்ணே, அனுப்பாதது என்பது பாதிதான் உண்மை. அந்தப் புராணக் கதைகளை 1937-லேயே பதிப்பகத்திடம் கொடுத்தார். அவர்கள் ‘ஹாபிட்’டுக்குத் தொடர்ச்சிதான் கேட்டார்கள். பிற்பாடு ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ஸோடு சேர்த்தே இதுவும் வரவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். எழுத்துகளுக்குப் பொறுப்பாக மகனை வைத்துவிட்டுப் போனதும் அவரேதான்.

அப்புறம் இந்தத் தொகுதிகளில் வரும் அந்தப் பூனை! 1917-ல், போரிலிருந்து காய்ச்சலோடு திரும்பிய 25 வயதுக்காரர் எழுதிய கதையில் நாயகன் பெரனைப் பிடித்துவைப்பது டெவில்டோ என்ற பூனை அரசன். எலி பிடிக்கச் சொல்கிறான். ஆளுக்கு அது வரவில்லை. அடுப்படி வேலைக்குத் தள்ளிவிடுகிறான். அந்தப் பூனையின் இடத்துக்குத்தான் பின்னால் ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ஸின் பெரிய வில்லன் சாரோன் வந்து சேர்கிறான். இது தெரியாமலே நாம் செத்திருக்கலாம் என்கிறீர்களா?

தேக்கா வாசகன்:
பூனை ருசிதான், தங்கச்சி. ஆனால் ஸ்ட்ரைடர் என்ற பெயரில் வரும் அரச வாரிசு அரகோர்ன் முதல் வரைவில் மரச்செருப்பு போட்ட ஒரு ஹாபிட், அதாவது குள்ள ஆள், என்று படித்ததிலிருந்து, அரகோர்ன் வரும்போதெல்லாம் எனக்கு டக் டக் என்று கேட்கிறது. இன்னொரு ஆங்கில எழுத்தாளர் டெரி பிராட்செட் புத்திசாலி. முடிக்காத கதைகள் இருந்த ஹார்ட் டிஸ்க்கை அவர் விருப்பப்படியே 2017-ல் ஸ்டீம் ரோலர் ஏற்றி நசுக்கினார்கள்.

ஈசூன்காரி:
பிராட்செட் வாய் திறந்து சொல்லிவிட்டுப் போனார். டோல்கீன் அப்படிச் சொல்லியிருந்தால் நானும் உங்கள் பக்கம்தான்.

கோப்பி ஓ கொசோங்:
இரண்டு பேரும் தப்பான புத்தகத்தை வைத்து மல்லுக்கட்டுகிறீர்கள். பன்னிரண்டு தொகுதிகளிலும் எது அப்பா எழுதியது, எது மகன் குறிப்பு என்று பிரித்துக் காட்டியிருக்கிறது. எனக்கு உறுத்துவது வழவழப்பான அந்த 1977 புத்தகம்தான். அதில் டோரியாத் என்ற ராஜ்ஜியம் அழியும் அத்தியாயத்தில் பெரும்பகுதி கிறிஸ்டோபரும் அவருக்கு உதவிய கய் கேவ்ரியல் கேயும் சேர்ந்து கட்டியது. படிக்கிறவருக்குத் தையல் எங்கே என்று தெரியாது. மகனே 1994 தொகுதியில் அதைச் சொல்லி வருத்தப்பட்டார். நம் பக்கம் பாருங்கள்: கல்கி 1954-ல் மறைந்தபின் ‘அமரதாரா’வைக் குறிப்புகளைக் கொண்டு மகள் ஆனந்தி முடித்தார், அதை யாரும் ஒளிக்கவில்லை. பாரதியின் ‘சந்திரிகையின் கதை’யைப் பாதியில் நிற்கிறபடியேதான் படிக்கிறோம். எனக்கு இந்த இரண்டுமே சரி.

தேக்கா வாசகன்:
சரி, பன்னிரண்டை விட்டுக்கொடுக்கிறேன். 2017-ல் வந்த டோல்கீன் புத்தகத்தை விடமாட்டேன். முன்பே அச்சான பக்கங்களை வரிசை மாற்றி, படம் சேர்த்து, கெட்டி அட்டை போட்டு விற்றார்கள்.

ஈசூன்காரி:
அதற்கு நான் வாதாட வரவில்லை. படங்கள் அழகு, அவ்வளவுதான்.

தேக்கா வாசகன்:
அந்தக் கடையில் முதல் தொகுதி மஞ்சளடித்துக் கிடக்கிறது. பூனை அதில்தானே?

ஈசூன்காரி:
இல்லை அண்ணே, இரண்டாவதில்.