ப்ரீ வெட்டிங் ஷூட் எடுக்கலாமா, வேண்டாமா?

வணக்கம் மக்களே, கல்யாணம் நெருங்கிட்டு இருக்கு, இந்த ப்ரீ வெட்டிங் ஷூட் விஷயத்துல மட்டும் ஒரு முடிவுக்கு வர முடியல. அவருக்கு ரொம்ப ஆசை, எனக்கு கேமரா முன்னாடி நின்னாலே உடம்பு விறைச்சுடும், ஆனா கல்யாணத்தன்னைக்கு எடுக்கப்போற அதே ஃபோட்டோகிராஃபரே இதையும் எடுத்தா முன்னாடியே பழகிடலாம், அன்னைக்கு கூச்சம் இருக்காதுன்னு சொல்றார், அது எனக்கும் நியாயமாத்தான் படுது. வெயில் சாயுற நேரத்துலதான் லைட் நல்லா இருக்குமாம், அதுக்காக நாள் முழுக்க டிரெஸ் மாத்தி மாத்தி அலையணுமான்னுதான் யோசனை. சும்மா பேசிட்டு நடக்கற மாதிரி சின்னதா எடுத்தாலே போதும்னு தோணுது.

எடுத்தவங்க சொல்லுங்க, அந்த ஆல்பத்தை இப்பவும் எடுத்துப் பாக்கறீங்களா? எடிட் பண்ணாத ஃபைல் கேட்டா குடுப்பாங்களா? எனக்கு இருக்கற பெரிய பயமே எங்க படத்தை அவங்க இன்ஸ்டா பேஜ்ல போட்டுடுவாங்களோன்னுதான், போடக்கூடாதுன்னு அட்வான்ஸ் குடுக்கறப்பவே எழுதி வாங்கிடணுமா?

வேண்டாம்னு விட்டவங்களும் சொல்லுங்க ப்ளீஸ், பின்னாடி ஏக்கமா இருந்துச்சா? என் கூச்சத்துக்காக அவர் ஆசையைத் தட்டிவிடவும் மனசு வரல.