அடிஷம் பங்களாவின் பழைய தபால் அட்டை: எந்த வீட்டைக் காப்பாற்றுவது?

தங்கமலை:
தாத்தாவின் தகரப் பெட்டியில் கிடைத்தது. கறுப்பு வெள்ளை அட்டை, இலங்கை மலையகத்து ஹப்புத்தளையில் உள்ள அடிஷம் பங்களா. தோமஸ் வில்லியர்ஸ் துரை 1931இல் கட்டிய கருங்கல் வீடு. இங்கிலாந்தின் கென்ட் பக்கத்து லீட்ஸ் கோட்டையின் சாயல். அடிஷம் என்பதும் அங்குள்ள ஒரு கிராமத்தின் பெயர்தான். இப்போது பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடம். போன ஞாயிறு அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். வீடு அப்படியே இருக்கிறது. நூலக அறையைக்கூட கலைக்கவில்லை. மனசு நிறைந்துபோனது.

கொழுந்துக்கூடை:
அண்ணே, எனக்கு நிறையவில்லை. அந்தக் காலத்து அட்டைகளில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் நம் பெண்களும் வந்தார்கள். அவர்கள் பெயர் வரவில்லை. பொழுதுபட்டு அவர்கள் திரும்பிய பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பிரா, அந்த ஒற்றை அறை வீடு, வரவில்லை. என் அம்மாயி பிறந்ததும் செத்ததும் அப்படி ஒன்றில்தான். பங்களாவைக் காக்கிறோம் என்றால் அந்தக் காம்பிராக்கள் வரிசையாக ஒட்டி நிற்கும் ஒரு லயத்தையும் காக்க வேண்டும்.

பூனாகலை:
லயத்தைக் காப்பதா? மழை பெய்தால் என் சித்தி வீட்டில் இன்றும் தகரக் கூரைக்குக் கீழே சட்டி வைக்கிறார்கள். உங்களுக்கு அது பழைய ஞாபகம், அவர்களுக்கு அதுதான் வீடு. இடித்துவிட்டு 7 பேர்ச் (சுமார் 1,900 சதுர அடி) காணியும் தனி வீடும் கொடுக்கட்டும். வேறு பேச்சே வேண்டாம்.

கொழுந்துக்கூடை:
ஆள் இருக்கும் லயத்தை நான் சொல்லவில்லை அக்கா. சனங்கள் புது வீட்டுக்குப் போன பிறகு ஒரே ஒரு வரிசை. கம்பளைப் பக்கம் ஒரு பழைய லயத்தையே தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் ஆக்கியிருக்கிறார்களே. நம் ஊவா மாகாணத்தில் ஏன் கூடாது? எல்லாவற்றையும் இடித்துவிட்டால், பங்களாவைப் பார்க்க வரும் பிள்ளைக்கு மலையகம் என்றால் துரை வீடு மட்டும்தான்.

தங்கமலை:
அதற்காகப் பங்களாவைக் குறை சொல்ல மாட்டேன். ஹோட்டலாக்கி உருமாற்றாமல் இத்தனை வருஷம் வைத்திருப்பது பெரிய காரியம். ஆனால் பெயர் இல்லாத பெண்களைப் பற்றிச் சொன்னது உறைக்கிறது. தாத்தாவும் லயத்தில் வளர்ந்தவர்தான். அந்த வீட்டின் படம் ஒன்றுகூடப் பெட்டியில் இல்லை.

பூனாகலை:
முதலில் வீடு, பிறகுதான் ஞாபகம். அதில் நான் மாறமாட்டேன். எங்கள் தோட்டத்து டிவிஷனில் புது வீடு கிடைத்துப் போனவர்களின் காம்பிரா ஒன்று காலியாகக் கிடக்கிறது. அடுப்புப் புகை படிந்த சுவர் அப்படியே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அளவெடுத்துப் படம் பிடித்துப் போடுகிறேன். அங்கே குடியிருந்த பாட்டி இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) நிற்க வருவதாகச் சொல்லியிருக்கிறார். படத்துக்குக் கீழே அவர் பெயரைப் பெரிதாகப் போட வேண்டும்.