மர்கட்ராய்ட் குடும்பப்பெயர்: 1371 முதல் 1538 வரை தேட உதவி தேவை

நண்பர்களே, இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் ஹாலிஃபாக்ஸ் அருகே வார்லியில் பிறந்த பெயர் இது. மேட்டுத் தரிசுக்குப் போகும் பாதையோரம் காடு வெட்டித் திருத்திய நிலம் என்று பொருள். 1371இல் வார்லியின் கான்ஸ்டபிள் (ஊர்க்காவல் அலுவலர்) ஜோஹானஸ் டி மோர்கடிராய்ட். ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் குறிக்கும் ஹாலிஃபாக்ஸ் தேவாலயப் பதிவேடோ 1538இல்தான் தொடங்குகிறது.

நடுவில் பெரிதும் கைகொடுப்பவை வேக்ஃபீல்ட் மேனர் (நிலப்பிரபுவின் ஆட்சிப்பகுதி) நீதிமன்றச் சுருள்கள். லீட்ஸ் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. லத்தீன் கையெழுத்து வாசிக்கத் தெரிந்தவர்கள் தயவுசெய்து உதவுங்கள்.

வார்லி அடங்கிய சவர்பி பிரிவில் நில மாற்றப் பதிவுகளை முதலில் பாருங்கள். தந்தை இறந்து மகன் நிலத்துக்குக் கட்டணம் கட்டும் வரியில் இருவர் பெயரும் சேர்ந்தே வரும். தலைமுறையை இணைக்க அதைவிட உறுதியான சான்று அரிது. ஒவ்வொரு சுருளும் மைக்கேல்மஸ் திருநாளை (செப்டம்பர் 29) ஒட்டித் தொடங்குவதால் ஆண்டுக் கணக்கு ஒன்று தவறிவிடும், கவனம்.

பெயரில் ‘டி’ (‘இன்ன ஊரைச் சேர்ந்த’) இருந்தாலே பரம்பரைப் பெயர் ஆகிவிடாது. அது அப்போது குடியிருந்த இடத்தை மட்டும் குறித்திருக்கலாம். அடுத்த தலைமுறை வார்லியை விட்டு வேறூர் போன பிறகும் அதே பெயர் தொடர்கிறதா என்பதே எனக்கு வேண்டும். எழுத்துக்கூட்டலைத் திருத்தாமல், சுருளில் உள்ள மன்னர் ஆண்டோடு (மன்னர் ஆட்சிக்கு வந்ததிலிருந்து எண்ணும் ஆண்டு) அப்படியே அனுப்புங்கள்.