கருப்பு காருல வலை வலையா கோடு, பாலிஷ் போட்டா போகுமா?

கருப்புவண்டி_மடிப்பாக்கம்:
வணக்கம் மக்களே. வண்டி ஐ20, கருப்பு கலரு, வாங்கி மூணு வருஷம் ஆச்சு. பகல்ல நிழல்ல பாத்தா நல்லாத்தான் இருக்கு, ஆனா முந்தாநேத்து ராத்திரி பெட்ரோல் பங்க்ல அந்த வெள்ள லைட்டுக்கு கீழ நின்னேன் பாருங்க, பானெட் முழுக்க சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமா கோடு, வயிறே எரிஞ்சு போச்சு. யாரும் இடிக்கல, எங்கயும் உரசல, அபார்ட்மென்ட்ல ஒரு அண்ணன் தினமும் காலைல தொடைப்பாரு அவ்ளோதான். வாட்டர்வாஷ் கடையில காட்டினேன், ரப்பிங் போட்டு, மேல செராமிக்னு ஒரு பாதுகாப்பு பூச்சு அடிச்சுடலாம் சார், 16,000 ஆகும், அப்புறம் கோடே விழாதுன்னு சொல்றாங்க. டிரைவர் பக்க டோர்ல எவனோ சாவியால போட்ட கோடு ஒண்ணும் இருக்கு. வீட்லயே செஞ்சவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க.

பழைய_டிரைவர்:
தம்பி 16,000 எல்லாம் எதுக்கு, வெள்ள டூத்பேஸ்ட்ட பனியன் துணில வச்சு தேச்சு விடு, போய்டும். நாங்க அம்பாசிடர் ஓட்டின காலத்துலேந்து இதான்.

பஃபிங்_கோவை:
பெரியவர் கோச்சுக்கக் கூடாது, அந்தக்கால பெயிண்ட் வேற. அப்ப மேலயும் கலரு கீழயும் கலரு, தேச்சா துணில கலரே ஒட்டும். இப்ப வர்ற வண்டில கலருக்கு மேல கண்ணாடி மாதிரி கிளியர் கோட் ஒண்ணு இருக்கு, பெரும்பாலும் 40, 50 மைக்ரான் தான், நம்ம தலைமுடிய விட மெல்லிசு. பேஸ்ட்ல அரைக்கிற தூள் இருக்கறது உண்மைதான், ஆனா பானெட்டுக்காக செஞ்சதில்லையே, பழைய கோட்ட மங்கலாக்கி புதுக்கோடு போட்டுட்டு போகும்.

கருப்புவண்டி ப்ரோ, ஒரு விஷயம் தெரிஞ்சுக்கோங்க, அது வட்டமே இல்ல. எல்லா திசையிலயும் பொடிப்பொடியா நேர்க்கோடு தான் விழுந்திருக்கு, லைட்டுக்கு குறுக்க இருக்கற கோடு மட்டும் மின்னுது, அதனால லைட்ட சுத்தி வட்டம் போட்ட மாதிரி தெரியுது. மொபைல் டார்ச்ச அடிச்சு கைய நகத்திப் பாருங்க, வட்டமும் கூடவே நகரும். வெள்ள வண்டிலயும் இதே அளவு இருக்கும், கண்ணுக்கு தெரியாது, கருப்பு வாங்கினவன் தான் தூக்கத்த தொலைக்கிறான் :)

பாலிஷ்னா கோட்ட அடைக்கறது இல்ல. கோடு எவ்ளோ ஆழமோ அவ்ளோ ஆழத்துக்கு சுத்தி இருக்கற கிளியர் கோட்ட சீவி சமமாக்கறது. அதனால இத வருஷா வருஷம் தீபாவளிக்கு தீபாவளி செய்ற வேலையா நினைக்காதீங்க, இருக்கற முதல்ல கைய வைக்கிற மாதிரி. சாவி கோட்டுல நகத்த குறுக்க இழுத்துப் பாருங்க, நகம் மாட்டினா விட்டுடுங்க, அது பாலிஷுக்கு போகாது, டச்சப் பெயிண்ட் தான்.

செய்றதுன்னா இப்படி. முதல்ல நல்லா கழுவுங்க. அப்புறம் பாலிதீன் கவருக்குள்ள கைய விட்டு பெயிண்ட் மேல தடவுங்க, கரகரன்னு இருந்தா கிளே பார் (ஒட்டிக்கிட்ட அழுக்க இழுக்கற களிமண் மாதிரி கட்டி) போடணும், ஷாம்பு தண்ணி தாராளமா அடிச்சு அழுத்தாம வழுக்கி விடணும், கிளே கீழ விழுந்துச்சுன்னா எடுத்து தூசி தட்டாதீங்க, தூக்கிப் போட்டுடுங்க. மெஷின் டிஏ பாலிஷர் தான் (டூயல் ஆக்‌ஷன், சுத்திக்கிட்டே ஆடவும் ஆடும்), புதுசா செய்றவங்க ஒரே அச்சுல சுத்தற ரோட்டரி பக்கமே போகக் கூடாது. எடுத்ததும் கட்டிங் காம்பவுண்ட் (ஜாஸ்தி சீவற பாலிஷ்) போடாதீங்க, பானெட்ல ரெண்டடிக்கு ரெண்டடி இடத்துல லேசா மட்டும் சீவற ஃபினிஷிங் பாலிஷ் நாலஞ்சு சொட்டு மட்டும் விட்டு, மெதுவா மேலயும் கீழயும், அப்புறம் குறுக்கவும் ஓட்டிப் பாருங்க. தொடைச்சுட்டு ஐபிஏவும் (ஐசோப்ரொபைல் ஆல்கஹால்) தண்ணியும் சரிபாதி கலந்து ஒரு தடவ துடைங்க, ஏன்னா சில பாலிஷ்ல எண்ணெய் கோட்டுக்குள்ள உக்காந்துக்கிட்டு, கோடு போன மாதிரி ஏமாத்தும், ரெண்டு வாஷ்ல திரும்ப வந்துடும். அப்பவும் கோடு நின்னா தான் காம்பவுண்ட். வெயில்ல வேண்டாம், பானெட் சூடா இருந்தா பாலிஷ் காஞ்சு பொறுக்கு கட்டிடும்.

ஓரத்துல_சுட்டவன்:
ரோட்டரி வேண்டாம்னு அவர் சொன்னத ரெண்டு தடவ படிங்க. கடன் வாங்கின ரோட்டரில ஃபெண்டர் மடிப்புல ஒரே எடத்துல கொஞ்சம் ஜாஸ்தி வச்சுட்டேன், அவ்ளோதான், ஒரு சாண் நீளத்துக்கு கிளியர் கோட் போய் மொத்தமா மங்கிப்போச்சு. அந்த பேனல் முழுசா பெயிண்ட் அடிக்க வேண்டியதாச்சு. மடிப்பு, ஓரம், கதவு விளிம்பு இங்கல்லாம் பெயிண்ட் மெல்லிசு, மாஸ்கிங் டேப் ஒட்டிடுங்க. கருப்பு பிளாஸ்டிக்குலயும் ஒட்டுங்க, பாலிஷ் பட்டு வெள்ளையா காஞ்சா லேசுல போகாது.

கருப்புவண்டி_மடிப்பாக்கம்:
நன்றி மக்களே. அப்ப செராமிக் அடிச்சா கோடே விழாதுன்னு சொன்னது?

பஃபிங்_கோவை:
தண்ணி உருண்டு ஓடும், கழுவறது சுலபம், பளபளப்பு ரொம்ப நாள் நிக்கும், அதெல்லாம் உண்மை. ஆனா மண்ணோட தேச்சா செராமிக் மேலயும் கோடு விழும். கோட்ட எடுக்காம மேல அடிச்சா இன்னும் மோசம், கண்ணாடி ஃபிரேம் போட்ட மாதிரி கோடெல்லாம் உள்ளயே பத்திரமா இருக்கும். காச அப்புறம் பாத்துக்கலாம், முதல்ல அந்த தொடைக்கிற அண்ணன் எத்தன வண்டிக்கு ஒரே பக்கெட்டுன்னு போய் பாருங்க.

கருப்புவண்டி_மடிப்பாக்கம்:
மூணு வாரம் கழிச்சு வரேன். நீங்க சொன்ன மாதிரி காலைல 5:30க்கு கீழ போய் நின்னேன். ஒரே பக்கெட்டு, ஒரே துணி, என் வண்டி ஒம்பதாவது. தண்ணி டீ கலர்ல இருக்கு, கைய விட்டா அடியில நறநறன்னு மணல். அவர சொல்லியும் குத்தமில்ல, ஒரு வண்டிக்கு நாம குடுக்கற காசுக்கு வேற என்ன செய்வாரு. இனிமே கண்ணாடி மட்டும் தொடைங்க அண்ணே, காசு அதேதான்னு சொல்லிட்டேன், ஒரு மாதிரி பாத்தாரு.

இப்ப வாரம் ஒரு தடவ நானே கழுவுறேன், முதல்ல ஹோஸ் அடிச்சு மண்ண எறக்கிட்டு, ஷாம்புக்கு ஒரு பக்கெட், துணி அலச ஒரு பக்கெட். போர் தண்ணி காஞ்சா வெள்ள புள்ளி விழுதுன்னு உடனே மைக்ரோஃபைபர் டவல ஒத்தி எடுக்கறேன், தேய்க்கறதில்ல.

டிஏ மெஷின் ஒரு ஃப்ரெண்டுகிட்ட வாங்கி பேஸ்மென்ட்ல ரெண்டு ஞாயித்துக்கிழமை ஓட்டினேன். பானெட்டுக்கு ஃபினிஷிங் பாலிஷே போதுமா இருந்துச்சு, டிக்கி மேல மட்டும் காம்பவுண்ட். பாதி முடிச்சு டேப்ப உரிச்சப்போ ஒரு பக்கம் கண்ணாடி, ஒரு பக்கம் வலை, வீட்டம்மாவ கூப்ட்டு காட்டினேன், ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்குன்னுட்டு போய்ட்டாங்க. ஆழமா ரெண்டு மூணு கோடு மிச்சம், விட்டுட்டேன். சாவி கோட்டுல நகம் மாட்டுச்சு, அதையும் தொடல.

பழைய_டிரைவர்:
சரி தம்பி, பாத்துட்டு ஒத்துக்கறேன். ஹெட்லைட் மஞ்சளா போனா பேஸ்ட் போடலாம்ல?

பஃபிங்_கோவை:
போடலாம் பெரியவரே, லேசான மஞ்சள் போகும். ஆனா மேல யூவி தாங்கற பூச்சு எதுவும் போடலன்னா கொஞ்ச நாள்ல திரும்ப மஞ்சளாயிடும்.